கூஸைக் கொன்றது காற்றா, இஞ்சினா?

மூணு வாரமா ராத்திரி தூக்கம் கெட்டுப் போச்சு மக்களே. காரணம், டி.சி.எஸ்.னு ஒரு போர் விமான சிமுலேட்டர். அதில் 2019ல் எஃப்-14பி வந்தது, 2020ல் அதுக்கு மூத்ததான எஃப்-14ஏ. 'டாப் கன்' படத்தை வாடகை கேசட் தேயத் தேயப் பார்த்தவன் நான். எதை எடுப்பேன்னு கேக்கணுமா? படத்தில் வர்றது 'ஏ'. அதையே எடுத்தேன்.

முதல் வாரமே ஒரு சண்டை. கூட்டாளி முன்னாடி ஓடறான், நான் அவன் வாலைப் பிடிச்சாச்சு. சுடற தூரத்துக்கு நெருங்கினப்போ திடீர்னு விமானம் வலது பக்கமா உருண்டது. பதறிப் போய் ஸ்டிக்கை வயித்தோட இழுத்து இடது பெடலை மிதிச்சேன். டமார்! இடது இஞ்சின் காலி. மூக்கு இடது பக்கம் சுத்த ஆரம்பிச்சு, கடல் வரைக்கும் சுத்திக்கிட்டே போய்ச் சேர்ந்தேன். ஹெட்போனில் அவன் சிரிக்கிறான், "மச்சி, கூஸ் செத்துட்டான்டா!"

படம் பார்க்காதவங்களுக்கு: 1986ல் வந்த அந்தப் படத்தில் மேவரிக்கின் எஃப்-14, ஐஸ்மேனின் ஜெட் வாஷுக்குள் மாட்டிக்கும். ரெண்டு இஞ்சினும் அணைஞ்சு விமானம் பம்பரமா சுத்தும். பின் சீட்டில் இருக்கும் கூஸ் வெளியே குதிக்கும்போது கண்ணாடிக் கூண்டில் மோதிச் சாவான். (அந்தச் சுழற்சியை வானத்தில் படமெடுக்கப் போன ஸ்டண்ட் விமானி ஆர்ட் ஷோல், 1985 செப்டம்பரில் நிஜமாவே கடலில் விழுந்து இறந்தார். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பிச்சிருக்காங்க.) விசாரணையில் மேவரிக் மேல் தப்பில்லைன்னு முடிச்சிடுவாங்க. ஏதோ காத்து, விதி, அவ்வளவுதான்.

நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். கடலில் விழுந்த அன்னிக்கு ராத்திரிதான் சந்தேகம் வந்தது. கூட்டாளி தடத்துக்குள்ளே போனது சரி, அதுக்கு இஞ்சின் ஏன் சாகணும்?

ஹைவேயில் பைக் ஓட்டறவங்களுக்கு இது புரியும். லாரி ஓவர்டேக் பண்ணிப் போனதும் வண்டி ஒரு ஆட்டம் ஆடும் பாருங்க, அந்த மாதிரிதான். விமானத்தில் ரெண்டு சமாச்சாரம் கலந்து வருது. ஒண்ணு, இஞ்சின் பின்னாடி துப்பற சூடான காத்து. இன்னொண்ணு, ரெக்கை நுனியிலிருந்து கிளம்பற ரெண்டு சுழல். ஆளை உருட்டி விடறது இந்தச் சுழல்தான். எடை கூடினா, வேகம் குறைஞ்சா, ரெக்கை குட்டையானா சுழல் வலுக்கும். சண்டை விமானம் சின்னதுதானேன்னு நினைச்சுடாதீங்க. 27 டன் விமானம் 6 ஜி-யில் திரும்பினா அதன் ரெக்கை தாங்கறது 162 டன். பின்னாடி வர்றவனுக்கு அது பெரிய விமானத்தின் தடம் மாதிரிதான். இதோட வில்லத்தனத்துக்கு 1966 ஜூன் 8 ஒரு சாட்சி. எக்ஸ்.பி.-70 என்ற ராட்சத விமானத்தை ஒட்டிப் பறந்த எஃப்-104, அதன் ரெக்கைச் சுழலில் சிக்கிப் புரண்டு அதன் மேலேயே மோதியது. ஜோ வாக்கர், கார்ல் கிராஸ்னு ரெண்டு விமானிகள் போனாங்க.

ஆனா அங்கேயும் சுழல் உருட்டினது விமானத்தைத்தான். இஞ்சினுக்கு என்ன ஆகும்?

ஜெட் இஞ்சினின் முன்பகுதி கம்ப்ரஸர். வரிசை வரிசையா பிளேடுகள். ஒவ்வொரு பிளேடும் ஒரு குட்டி ரெக்கை. காத்து சரியான கோணத்தில் வந்தா அள்ளித் தள்ளும். கோணம் கெட்டா ரெக்கை ஸ்டால் ஆகிற மாதிரி இதுவும் ஸ்டால் ஆகும். உள்ளே அழுத்தி வச்ச காத்து முன்பக்கமாத் திரும்பி வெடிக்கும், வெப்பநிலை எகிறும். நான் கேட்ட டமார் இதுதான்.

காத்தைக் கலைக்க அடுத்தவன் தடம்தான் வேணும்னு இல்லை. பிரிட்டனின் ஹண்டர் விமானம் 1954ல் படையில் சேர்ந்தபோது, உயரத்தில் துப்பாக்கியைச் சுட்டாலே அதன் ஏவான் இஞ்சின் திணறும். துப்பாக்கிப் புகை நேரா காத்து வாய்க்குள்ளே போயிடும். அதே விமானம், அதே துப்பாக்கி, இஞ்சின் மட்டும் சஃபையர் போட்ட வகையில் இந்தத் தொல்லை இல்லை. சுடும் நேரத்தில் மட்டும் எரிபொருளைக் கொஞ்சம் குறைக்கிற ஏற்பாட்டை ஏவானுக்குச் செய்தாங்க, பிறகு இஞ்சினையே திருத்தினாங்க. 1957லிருந்து நம்ம விமானப் படைக்கு வந்த ஹண்டர்களில் இருந்தது அந்தத் திருந்தின ஏவான். இதைப் படிச்சப்பதான் எனக்குப் பொறி தட்டியது. கலைஞ்ச காத்து எல்லாருக்கும்தான் வருது. அதைத் தாங்கற இஞ்சின் இருக்கு, தாங்காத இஞ்சின் இருக்கு.

எஃப்-14ஏ-வின் டி.எஃப்.30 தாங்காத சாதி. அது அந்த விமானத்துக்காகப் பொறந்ததே இல்லை. எஃப்-111பி திட்டம் 1968ல் ஊத்தி மூடப்பட்ட பிறகு, அதன் இஞ்சினைத் தற்காலிகமா எஃப்-14க்குப் போட்டாங்க. நல்ல இஞ்சின் பின்னாடி வரும்னு திட்டம். பணமும் தொழில்நுட்பமும் இடிக்க, வரவேண்டியது வரலை. தற்காலிகம் நிரந்தரமாச்சு (இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன?). மூக்கைத் தூக்கி மெதுவாப் பறக்கும்போது த்ராட்டிலை அசைச்சாலே ஸ்டால். விமானிகள் விமானத்தை ஓட்டாம இஞ்சினை ஓட்டிக்கிட்டிருந்தாங்க. போதாக்குறைக்கு ரெண்டு இஞ்சினுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2.7 மீட்டர் இடைவெளி. ஒண்ணு நின்னா இன்னொண்ணு விமானத்தைச் சுத்தி விட்டுடும். 1984ல் அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜான் லேமனே, விமானத்துக்கும் இஞ்சினுக்கும் இவ்வளவு மோசமான பொருத்தத்தைப் பல வருஷமா பார்த்ததில்லைங்கிற தொனியில் அவங்க நாடாளுமன்றத்தில் சொன்னார். 1987 முதல் ஜி.ஈ. இஞ்சின் போட்ட வகை வர ஆரம்பிச்சது, அதுதான் பின்னாளில் எஃப்-14பி. ஆனா பழைய 'ஏ'க்கள் பறந்துக்கிட்டேதான் இருந்தன.

அப்படி ஒரு 'ஏ'யில்தான் 1994 அக்டோபர் 25 அன்று காரா ஹல்ட்கிரீன் 'ஆபிரகாம் லிங்கன்' கப்பலில் இறங்க வந்தார். அமெரிக்கக் கடற்படையில் கப்பலிலிருந்து போர் விமானம் ஓட்டத் தகுதி பெற்ற முதல் பெண். வயது 29. இடப்பக்கம் திரும்பும்போது நடுக்கோட்டைத் தாண்டிட்டார். சரி பண்ண இடது ரட்டர். மூக்கு இடப்பக்கம் போக, விமானத்தின் உடம்பே இடது இஞ்சினுக்கு வர்ற காத்தை மறைச்சது. ஸ்டால். விமானம் இடப்பக்கமாப் புரண்டது. பின் சீட்டுக்காரர் ரெண்டு பேருக்கும் சேர்த்து எஜெக்ஷனை இழுத்தார். முதலில் வெளியேறிய அவர் பிழைச்சார். அரை நொடிக்கும் குறைவான தாமதத்தில் கிளம்பின காராவின் சீட், அதுக்குள் விமானம் புரண்டுட்டதால் கடலைப் பார்த்துப் பாய்ந்தது.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். பெண் என்பதால் சலுகை கொடுத்துச் சேர்த்துட்டாங்கன்னு வதந்தி கிளப்பினாங்க. அவர் அம்மா மகளின் பயிற்சி மதிப்பெண்களையே பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டி வந்தது. வெளியிட்ட அறிக்கை இஞ்சினைக் குற்றம் சொன்னது. கசிந்த இன்னொரு அறிக்கை விமானியின் தவறுகளை அடுக்கியது. என்னைக் கேட்டா ரெண்டும் உண்மைதான். கோட்டைத் தாண்டினது அவர் பிழை. ஆனா தினமும் பல பேர் செய்யற பிழைக்கு மரண தண்டனை கொடுத்தது இஞ்சின். கடற்படை இதே சூழ்நிலையைச் சிமுலேட்டரில் வச்சு மத்த எஃப்-14 விமானிகளை ஓட்டச் சொன்னது. பெரும்பாலானவங்க விழுந்தாங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் ஆடிப் பார்த்த வரைக்கும், சிமுலேட்டரில் அடுத்தவன் தடம் என் இஞ்சினை நேரா அணைச்சதில்லை. தடம் விமானத்தை உருட்டுது, நான் பதறி ஸ்டிக்கையும் பெடலையும் போட்டு மிதிக்கிறேன், அந்தக் கோணத்தில்தான் டி.எஃப்.30 மூச்சுத் திணறுது. சோதனைக்காக அதே கூட்டாளி, அதே உயரம், அதே துரத்தல், 'பி'யில் போனேன். விமானம் உருண்டது, நான் வழக்கம்போல் பதறினேன், இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது.

போன சனிக்கிழமை 'ஏ'யை எடுத்துக் கப்பலில் இறங்கப் போனேன். வேணும்னே கோட்டைத் தாண்டி, இடது ரட்டரை மிதிச்சுப் பார்த்தேன். ஏழு தடவையில் ஆறு தடவை கடல். வரப்போகுதுன்னு தெரிஞ்சே உக்கார்ந்திருந்த எனக்கு, சத்தம் கேட்டதிலிருந்து தண்ணி வரைக்கும் "ஐயோ" சொல்லக்கூட நேரம் இல்லை.