உக்காப் பொருள்: வன்னி நிலத்திற் சிலிக்காவின் வரலாறு

வரலாற்றாசிரியனுக்கு எஞ்சிக் கிடைப்பன பெரும்பாலும் உக்காத பொருள்களே. மன்னர் உடுத்த பட்டும், உழவர் உண்ட சோறும், ஓலையிற் பொறித்த கணக்கும் மண்ணோடு மண்ணாயின. கல்லாயுதமும் மட்கலவோடும் கண்ணாடிமணியும் நின்று நிலைத்தன. இவ்வாறு நின்றவற்றுள் மிகப் பல சிலிக்கா என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டவை. அது உக்காமைக்குக் காரணம் யாது, அவ்வியல்பு வரலாற்றுக்கு எங்ஙனம் துணைபுரிந்தது, இக்காலக் கைத்தொழில் அதனைக் கையாண்டவிடத்து விளைந்த கேடு யாது என்பனவற்றை வன்னி நிலத்தை முன்வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரம், இலை, தோல் முதலியன உக்குவது நுண்ணுயிர்களின் தொழிலாலாகும். அவற்றிலுள்ள காபனை ஒட்சிசனோடு சேர்ப்பதால் வெளிப்படும் சத்தியைக் கொண்டே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சிலிக்காவோ முன்னரே ஒட்சிசனோடு முற்றாகச் சேர்ந்துவிட்ட பொருள். அதனைத் தின்று பெறத்தக்க சத்தி எதுவும் அதன்கண் இல்லை. ஆதலின் நுண்ணுயிர்கள் அதனை உணவாகக் கொள்வதில்லை. எனினும் சிலிக்கா என்றும் அழியாதது எனக் கூறுதலும் பொருந்தாது. நீர் அதனை மெல்லக் கரைக்கின்றது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரிற் படிகக்கல் ஏறத்தாழ 10 மில்லிகிராமே கரையும். படிக அமைப்பில்லாத சிலிக்கா 100 மில்லிகிராமுக்கு மேலும் கரையும். கற்பாசிகள் சுரக்கும் அமிலங்கள் பாறைகளை அரித்து இக்கரைவை விரைவுபடுத்துகின்றன. கரைந்த சிலிக்காவைப் புல்லினப் பயிர்கள் வேரால் உறிஞ்சித் தம் உடலிற் சேர்க்கின்றன. நெல்லுமியை எரித்தால் அதன் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலின் மிகப் பெரும் பகுதி சிலிக்காவே. இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் நெல்லின் உமி ஆலைகளின் புறத்தே குவிந்து நெடுங்காலம் உக்காது கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இலங்கையின் மிகப் பழைய மனித வரலாற்றுக்கு இரணைமடு தன் பெயரையே ஈந்துள்ளது. வறண்ட வலயத்தின் கரையோரங்களிற் பரந்து கிடக்கும் சரளைக்கல்லும் செம்மண்ணுஞ் சேர்ந்த படிவுகளைப் புவிச்சரிதவியலார் இரணைமடுப் படிவு என அழைப்பர். தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல இப்படிவுகளை விரிவாக ஆராய்ந்து, 1992 இல் வெளிவந்த தம் பெருநூலில் அவற்றின் காலத்தை விளக்கினார். தென்கரையில் உள்ள இத்தகைய படிவுகளிற் கிடைத்த கல்லாயுதங்கள் ஏறத்தாழ 125,000 ஆண்டுத் தொன்மையுடையனவெனக் கணிக்கப்பட்டுள்ளன. அவை குவாட்சு, சேட்டு என்னும் கற்களால் ஆனவை, இரண்டும் சிலிக்காவே. அவற்றைச் செய்த மக்களின் மொழி, உடை, இல்லம் ஆகிய யாவும் மறைந்தன. அவர்தம் கைத்திறன் மட்டும் கல்லில் எஞ்சியது.

பிற்காலச் சான்றுகளும் இத்தன்மையனவே. மட்கலம் என்பது சிலிக்காவும் அலுமினியமுங் கலந்த களியைச் சுட்டு ஆக்கியது. கண்ணாடி, மணலைச் சாம்பலுப்புடன் உருக்கிப் பெறுவது. வன்னிக்கு மேற்கே மாந்தைத் துறையில் யோன் காசுவெல் 1980 முதல் 1984 வரை நிகழ்த்திய அகழ்வில் பிறநாட்டு மட்கலவோடுகளும் கண்ணாடிமணிகளும் வெளிப்பட்டன. அத்துறையின் கடல் வாணிகத்தை இன்று நாம் விரித்துரைப்பது பெரிதும் அவற்றின் துணைகொண்டேயாம். ஏற்றியிறக்கிய துணியும் மிளகும் எவ்வளவு என்பதற்கு மண் சான்று பகரவில்லை.

இனி இல்லங்களை நோக்குவோம். வன்னி உழவன் மண்சுவர் எழுப்பி, கிடுகு, பனையோலை, இலுக்குப்புல், வைக்கோல் ஆகியவற்றுள் எளிதிற் கிடைத்ததைக் கொண்டு கூரை வேய்ந்தான். சில ஆண்டுகளுக்கொருமுறை கூரையைப் பிரித்துப் புதிதாய் வேய்தல் வேண்டும். பழைய கூரை தோட்டத்துக்கு எருவாயிற்று. உக்குதல் அவனுக்குச் செலவாகவும் இருந்தது, வரவாகவும் இருந்தது. வசதி பெற்றோர் ஓடு போட்டனர். அதன்பின் வந்ததே ஊரில் ‘சீற்’ என வழங்கும் கல்நார்த் தகடு.

கல்நார் என்பது நார்போற் பிரியும் சிலிக்கேற்றுக் கனிப்பொருள். அதனைச் சீமெந்தோடு கலந்து தகடாக்கும் முறையை ஒஸ்திரியா நாட்டு லுட்விக் ஹட்செக் கண்டு, 1901 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். நித்தியம் என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லினின்று அதற்கு ‘எற்றேணிற்று’ எனப் பெயரிட்டார். தீயும் கறையானும் அதனை அழிக்கமாட்டா, மலிவானதும் ஆகும். ஆதலின் உலகெங்கும் பரவிற்று.

ஆனால் அது பரவத் தொடங்கிய காலத்திலேயே எச்சரிக்கையும் எழுந்தது. இலண்டன் மருத்துவர் மொந்தேகு மறே கல்நார் ஆலைத் தொழிலாளன் ஒருவனை 1899 இற் கண்டார். தன்னோடு வேலைசெய்த பதின்மருள் எஞ்சியவன் தானொருவனே என அவன் கூறினான். சிறிது காலத்தில் அவனும் இறந்தான். மறே இதனை 1906 இல் அரசாங்கக் குழுவொன்றின் முன் எடுத்துரைத்தார். பிரித்தானியாவில் 1930 இல் வெளிவந்த அறிக்கையொன்று, சோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் 95 பேருக்கு நுரையீரல் தழும்பேறியிருந்தமையைக் காட்டிற்று. அடுத்த ஆண்டே ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தும் பிரமாணங்கள் வந்தன. வாக்னர் முதலியோர் 1960 இல் தென்னாபிரிக்காவில் நெஞ்சறைச் சவ்வுப் புற்றுநோய் கொண்ட 33 பேரைப் பற்றி எழுதினர். அவருட் பலர் ஆலையில் உழைத்தவரல்லர். சுரங்கத்தின் அயலில் வாழ்ந்தவர்.

இந்நோய்க்கு மூலம் உக்காமையே. உடலினுட் புகுந்த அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் கலங்கள் குருதியிலும் நுரையீரலிலும் உள. நீண்ட கல்நார் இழையை அவை விழுங்க முயன்று தோற்கின்றன; அம்முயற்சியால் அழற்சி உண்டாகி ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது. நோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகளும் செல்லலாம். வெண்கல்நார் நுரையீரலிற் பிறவற்றைவிட விரைந்து கரையும். ஆகவே தீங்கற்றது என வாதிப்பாருமுளர். அது விரைந்து கரைதல் உண்மை. தீங்கற்றது என்பது அதனாற் பெறப்படாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெண்கல்நார் உட்பட எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன எனவே வகுத்துள்ளது. கண்ணாடிப் பஞ்சின் வரலாறு வேறு. உடலில் எளிதிற் கரையும் இழைகளை ஆக்கக் கைத்தொழிலாளர் கற்றனர். அம்முகவரகமும் 2001 இல் காப்புக் கண்ணாடிப் பஞ்சை அந்த ஐயப்பட்டியலினின்று நீக்கிற்று. பொருளை ஆக்கும்போதே அதன் அழிவையும் எண்ணுதல் இயலும் என்பதற்கு இது சான்று.

பிரித்தானியா 1999 இல் கல்நாரை முற்றாக விலக்கிற்று. இலங்கை அரசு 2018 முதல் அதனைப் படிப்படியாக விலக்க எண்ணியது. 2017 மார்கழியில் உருசியா தேயிலையில் வண்டொன்றைக் கண்டதாகக் கூறி நம் தேயிலையை நிறுத்திற்று. கல்நாரை நமக்கு விற்கும் நாடுகளுள் உருசியா முதன்மையானது. அதன்பின் விலக்கும் எண்ணம் பின்போடப்பட்டது. தேயிலையின் விலையைக் கணக்கிட்டோர் நுரையீரலின் விலையைக் கணக்கிட்டாரல்லர்.

வன்னிக்கு இது தனிப்பொருளுடையது. 2009 இல் முடிந்த போரில் எத்தனையோ கூரைகள் நொறுங்கின. ஓலைக்கூரையின் சிதைவு சில மழைக்குள் மண்ணாயிற்று. சீற்றின் சிதைவு மண்ணோடு கலந்தும் மண்ணாகாது கிடக்கும். முழுத்தகடு கூரையிற் கிடக்குங்கால் அச்சம் சிறிது. அதனை அறுத்தலும் உடைத்தலும் உரோஞ்சுதலும் துண்டுகளை வழிக்குப் பரப்புதலுமே இழையைக் காற்றிற் கலப்பன. ஆதலின் உடைந்தவற்றை நீர் தெளித்து நனைத்து, உறையிற் கட்டி, உழவும் அகழ்வும் நிகழாத ஆழத்திற் புதைத்தல் வேண்டும். புதிய இல்லம் எழுப்புவோர் ஓட்டைத் தெரிதல் நன்று. பாடசாலைகள் தம் கட்டடங்களுள் எவற்றிற் கல்நார் உண்டு என்பதை எழுதி வைத்தல் இன்றியமையாதது; அவ்வேட்டைத் தொடங்குதல் மாணாக்கரும் செய்யத்தக்க பணி.

இரணைமடுக் கல்லாயுதத்தை விட்டுச் சென்றோர் பின்வருவோர்க்குத் தீங்கு செய்திலர். நாம் விட்டுச் செல்வதும் நெடுங்காலம் மண்ணிற் கிடக்கும். அது எத்தகையதென இன்றே ஆராய்ந்து தெளிதல் நம் கடமையாகும்.