ஹவானாவின் திறந்த கார்கள்

கியூபாவின் தலைநகரமாகிய ஹவானாவில், கடலை ஒட்டிச் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் வளைந்து செல்லும் மலெக்கோன் சாலையில், மேற்கூரையற்ற பழைய அமெரிக்கக் காரில் ஏறி அமரும் பிரயாணியின் மனத்தில் முதலில் பதிவது வண்டியின் வேகமன்று. தலைக்குமேல் தடையின்றி விரிந்து கிடக்கும் ஆகாயமும், உதட்டில் கரிக்கும் உப்புக் காற்றும், வாடை வீசும் நாட்களில் தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து சாலையில் தெறிக்கும் அலைநீருமே ஆகும். முன்னாசனம் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை இடைவெளியின்றி நீண்டிருப்பதால், டிரைவருக்குப் பக்கத்தில் இருவர் தாராளமாக உட்காரலாம். குரோமியப் பூச்சின் பளபளப்பிலும் இளஞ்சிவப்பு வர்ணத்திலும் கண் லயித்திருக்கையில், முன்மூடிக்கு அடியிலிருந்து எழும் சத்தத்தைக் கேட்டால், மோட்டார் சங்கதி சிறிதேனும் அறிந்தவருக்கு ஆச்சரியம் உண்டாகாமல் இராது. ஏனெனில் 1955-ஆம் வருஷத்துச் செவர்லே காருக்குள்ளிருந்து வருவது டீசல் எஞ்சினின் கடகடப்பு. அக்காலத்தில் டீசல் எஞ்சினோடு ஒரு செவர்லே காரும் விற்பனைக்கு வந்ததில்லை. பெட்ரோலில் ஓடப் பிறந்த வண்டிக்கு இந்த இதயம் எவ்விதம் வாய்த்தது என்று விசாரிக்கப் புகுந்தால், அந்தத் தீவின் அரை நூற்றாண்டுச் சரித்திரமே அதற்கு விடையாக வந்து நிற்கும்.

ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவிலிருந்து கியூபாவின் கரை சுமார் 90 மைல் தூரந்தான். 1950-களில் சர்க்கரையால் வந்த செல்வமும், சூதாட்ட மாளிகைகளை நாடி வந்த அமெரிக்கரின் பணமும் ஹவானாவில் புரண்டபோது, டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலைகள் வெளியிட்ட புது மாடல்கள் தாமதமின்றி இங்கே வந்து இறங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களை விற்ற ஆம்பார் மோட்டார்ஸ் போன்ற வர்த்தக நிலையங்கள் செழித்தன. 1957-இலும் 1958-இலும் மலெக்கோன் சாலையிலேயே கார்ப் பந்தயம் நடந்தது. இரண்டாவது பந்தயத்துக்கு முதல் நாள், உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர் ஃபாங்கியோவைப் புரட்சிக்காரர்கள் ஹோட்டலிலிருந்து கடத்திச் சென்று, பந்தயம் முடிந்தபின் ஓர் ஊறுமின்றித் திருப்பி அனுப்பிய செய்தி தேசதேசாந்தரங்களில் பிரசித்தி பெற்றது.

இங்கே திறந்த காரின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். மோட்டார் யுகத்தின் ஆரம்பத்தில் பெரும்பாலான வண்டிகள் திறந்தவையாகவே இருந்தன. மூடிய கார் செல்வந்தரின் விலையுயர்ந்த போகப்பொருள். 1920-களில் தகட்டு உடல்களை மலிவாகச் செய்யும் முறை பெருகவே, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கச் சந்தையின் பெரும்பகுதி மூடிய காரின் வசமாயிற்று. அதன்பின் திறந்த கார் சாமானியரின் கையை விட்டு உல்லாசிகளின் கைக்கு மாறியது. 1939-இல் பிளிமத் கம்பெனி, துணிக்கூரையை மனிதக் கையின் உதவியின்றி மேலும் கீழும் இயக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கூரை என்பது வெறும் நிழல் மாத்திரமன்று, வண்டியின் உடலை முறுகாமல் பிடித்து வைத்திருக்கும் ஓர் அங்கமுமாகும். ஆகையால், கன்வர்ட்டிபிள் எனப்படும் துணிக்கூரைக் காரைக் கட்டிய கம்பெனிகள், கூரை இல்லாத குறையை ஈடு செய்யும்பொருட்டு, அடியிலுள்ள சேஸிஸில் குறுக்குச் சட்டங்களைச் சேர்த்து அதை வலுப்படுத்தின. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால், ஹவானாவில் பின்னால் நடந்தது நன்கு விளங்கும்.

1959-ஆம் வருஷம் பிறந்த அன்றே, கியூபாவை ஆண்ட சர்வாதிகாரி பாட்டிஸ்டா நாட்டை விட்டு ஓட, புரட்சி வென்றது. 1960 அக்டோபரில் அமெரிக்கா கியூபாவுக்கான ஏற்றுமதியை, உணவும் மருந்தும் நீங்கலாக, நிறுத்தியது. 1962 பிப்ரவரியில் வியாபாரத் தடை பூரணமாயிற்று. புதுக் கார் வருவது நின்றதோடு, ஒரு போல்ட்டு வருவதும் நின்றது. சோவியத் ரஷ்யாவிலிருந்து வந்த லாடா, மாஸ்க்விச் கார்களை அரசாங்கம் உத்தியோகஸ்தருக்கும் சிறந்த சேவை புரிந்தோருக்கும் வழங்கியதேயன்றிச் சந்தையில் விடவில்லை. புரட்சிக்கு முன்னிருந்த கார்களை மாத்திரமே பிரஜைகள் தங்களுக்குள் தாராளமாக வாங்கவும் விற்கவும் கூடும் என்ற நிலை 2011 வரையில் நீடித்தது. தகப்பன் வைத்திருந்த பியூக் கார் மகனுக்கும் பேரனுக்கும் சொத்தாக இறங்கியதற்கு இந்தச் சட்டமே பெரும் காரணம்.

இந்த நெடுங்காலத்தில் அவ்வண்டிகளைக் காப்பாற்றியவர்கள் ஹவானாவின் மெக்கானிக்குகள். கிடைக்காத உதிரிப் பாகத்தை லேத்தில் கடைந்து செய்தார்கள்; லாடாவின் பிரேக்கைச் செவர்லேயில் பொருத்தினார்கள்; உப்புக் காற்று அரித்த தகட்டை வெட்டியெடுத்துவிட்டு, வேறு தகட்டை வெல்டிங் செய்து, டிங்கரிங் பார்த்து, பட்டி பூசித் தேய்த்து வர்ணம் அடித்தார்கள்; எண்ணெய் குடிக்கும் எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி, ரஷ்ய வோல்கா எஞ்சினையோ, பிற்காலத்தில் ஜப்பானிய, கொரிய டீசல் எஞ்சினையோ இறக்கி வைத்தார்கள். பழம்பொருள் சேகரிப்போர், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இராத காருக்கு மதிப்பில்லை என்பார்கள். அந்த அளவுகோலை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கொட்டகையில் துணி போர்த்தி வைத்த காரைவிட, நாலு தேசத்துப் பாகங்களைத் தாங்கி நாள்தோறும் ஜனங்களைச் சுமந்து ஓடும் காரே என் மனத்தில் உயர்ந்த ஸ்தானம் பெறுகிறது. அதைக் கழற்றி மாட்டிய கைகளின் சாமர்த்தியத்தைச் சரித்திரத்தின் பகுதியாகக் கருதாமல், டெட்ராய்ட்டில் எஞ்சினில் பொறித்த எண்களை மாத்திரம் தேடுவது பெரும் அநியாயம்.

1991-இல் சோவியத் ராஜ்யம் மறைந்தபின் வந்த பஞ்ச காலத்தில், அன்னியச் செலாவணிக்காக உல்லாசப் பிரயாணிகளை வரவேற்பதைத் தவிர கியூபாவுக்கு வேறு மார்க்கம் அதிகம் இல்லாது போயிற்று. வந்தவர்கள் பலரும் திறந்த காரையே விரும்பினார்கள். தொழிற்சாலையிலிருந்தே திறந்து வந்த வண்டிகளோ சொற்பம். ஆகவே, மூடிய கார்களின் கூரைகள் அறுக்கப்பட்டன. 1949 முதல் அமெரிக்கக் கம்பெனிகள் வெளியிட்ட, நடுத்தூண் இல்லாத ஹார்டாப் என்ற ரகம் இதற்கு வெகுவாக உதவியது. நான்கு கதவுக் கார்களையும் விடவில்லை. 1950-களில் செவர்லே கம்பெனி நான்கு கதவுள்ள கன்வர்ட்டிபிள் ஒன்றையும் செய்யவில்லையாதலால், அத்தகைய திறந்த செவர்லே காரைக் கண்டால் அது ஹவானாவின் பட்டறையில் அறுக்கப்பட்டது என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். வலுவாகச் சட்டம் சேர்க்காத வண்டியில் ஏறியவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டியதுகூட இல்லை; குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் முன்கண்ணாடி நடுங்குவதையும், கதவு தன் சட்டத்தில் உரசி முனகுவதையும் உடம்பே உணர்ந்துகொள்ளும்.

2015 ஜூலையில் அமெரிக்காவும் கியூபாவும் மீண்டும் ராஜதந்திர உறவு கொண்டபின் இந்தச் சவாரித் தொழில் உச்சத்தை எட்டியது. 2016 மே மாதம் பிரெஞ்சு நாட்டு ஷனேல் கம்பெனி ஹவானாவின் பிராடோ வீதியில் ஆடைக் காட்சி நடத்தியபோது, விருந்தினரை ஊர்வலமாக ஏற்றி வந்தவை இந்தத் திறந்த கார்களே. அரசாங்க உத்தியோகத்தில் மாதச் சம்பளம் 30 டாலருக்கும் குறைவாக இருந்த அக்காலத்தில், ஒரு மணி நேரச் சவாரியில் அதற்குச் சமமான அல்லது மேற்பட்ட தொகை கிடைத்ததென்றால், கல்வி கற்றவர்களும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்ததில் வியப்பில்லை. 2014-இல் அரசாங்கக் கடையில் புதிய பெஜோ 508 காருக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் விலை குறித்திருந்தபடியால், புதுக் கார் வாங்கும் எண்ணம் எவருக்கும் எழ இடமில்லாதிருந்தது.

2019 ஜூனில் அமெரிக்கா தன் உல்லாசக் கப்பல்கள் கியூபாவுக்குப் போகலாகாதென்று தடுத்தது. அடுத்த வருஷம் கொள்ளைநோய் வந்தது. அதன்பின் எண்ணெய்ப் பஞ்சமும் தொடர்ந்தது. பிரயாணிகளின் வரவு குறைந்தபோது, மூடிய கார் வைத்திருந்தவர்கள் உள்ளூர் ஜனங்களைப் பங்குக் கட்டணத்தில் ஏற்றிக்கொண்டு குறித்த தடத்தில் ஓட்டிப் பிழைக்கலாம். கூரையை அறுத்தவர்களுக்கு அந்த வழி சுலபமன்று. மே முதல் அக்டோபர் வரை மழை பெய்யும் அந்நகரத்தில், வேலைக்குப் போகிறவன் நனைந்துகொண்டு போக விரும்பமாட்டான். அறுத்த கூரைகளின் தகடு அப்போதே வேறு கார்களின் கதவுக்கும் தரைக்கும் ஒட்டாகப் போயிருந்தால், மீண்டும் கூரை வேண்டுமென்றால் புதிதாகத் தகடு தேட வேண்டும்.