புழக்கடைக்கு வந்த விருந்தினர்

வரலாறு என்றதும் கோட்டையும் கொத்தளமும், முடியும் போரும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், வீட்டுப் புழக்கடையில் நிற்கும் பப்பாளி மரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. மிளகாய்ச் செடிக்கும் உண்டு. அதனை இன்று சிறிது காண்போம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையிலே பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-ஆம் ஆண்டு வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. நம் நெசவாளர் நெய்த துணிகள் அங்கிருந்து கப்பலேறிச் சென்றன. 1825-இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று அக்கோட்டை இடிந்து கிடக்கிறது. டச்சுக்காரரின் கல்லறைகளே எஞ்சி நிற்கின்றன. ஆனால், ஐரோப்பிய வணிகர் காலத்தில் நம் நாட்டிற்கு வந்த செடிகளோ இன்றும் தழைத்து நிற்கின்றன. கோட்டை அழிந்தது, கொய்யா அழியவில்லை!

கத்தரியும் அவரையும், பாகலும் முருங்கையும், மாவும் பலாவும் நம்மிடம் நெடுங்காலமாக வாழ்பவை. மிளகாய், கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி ஆகியவையோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னரே, ஐரோப்பியரின் கப்பல்கள் வழியாக அவை இங்கு வந்து சேர்ந்தன. பெயர்களே இதற்குச் சான்று. உறைப்பிற்கு மிளகையே நம்பியிருந்த நம் முன்னோர், புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே சார்த்தி மிளகாய் என்றனர். பறங்கியர் காலத்தில் வந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று.

டச்சு ஆளுநர் வான் ரீட் முயன்று தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. கேரளத்துச் செடிகொடிகளை விளக்கும் அந்நூலில் பப்பாளி, கொய்யா, அன்னாசி, முந்திரி ஆகியவை இடம்பெற்றுள்ளன. இருநூறு ஆண்டுகள் நிறைவதற்குள் அவை இந்நாட்டுச் செடிகளாகவே மாறிவிட்டன!

இத்துணை விரைவில் அவை வேரூன்றியது எவ்வாறு? உழவன் தன் வயலில் அறியாத பயிரை இட்டுப் பார்க்கத் துணியான். அது பொய்த்தால் ஆண்டுச் சோறு போய்விடும். புழக்கடையில் அந்த அச்சம் இல்லை. விளைந்தால் கறி, விளையாவிட்டால் ஒரு பாத்தி மண்ணே வீண். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. அடுப்புச் சாம்பல் கத்தரிக்கு உரமாயிற்று. ஆகவே, வீட்டுக் கொல்லை ஒரு சோதனைச் சாலை. அதனை நடத்தியவர் நம் வீட்டுப் பெண்டிர்.

இடர் வந்தபோதும் அக்கொல்லை உதவியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரசாங்கம் உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. வெற்றிடங்களிலெல்லாம் காய்கறி பயிரிடுமாறு மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர்.

இன்று கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஆலைகள் பெருகியுள்ளன. பணிபுரிவோர் பலர் சிறு வீடுகளில் வாழ்கின்றனர், கொல்லை சுருங்கிவிட்டது. எனினும் வழி அடைபடவில்லை. 2013-14-ஆம் ஆண்டில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. தொட்டியில் விதைத்த முளைக்கீரை ஒரு திங்களுக்குள் பறிப்பிற்கு வரும். ஒரு சொல் எச்சரிக்கை: ஆலைத் தூசு படியும் நிலத்தில் ஈயம் போன்ற உலோகங்கள் சேரக்கூடும், கீரைகள் அவற்றை ஈர்க்கவல்லவை. ஆதலின், மண்ணைப் பரிசோதித்த பின்னரே பயிரிடுதல் நன்று.

சுருங்கியது நிலம் மட்டுமன்று, விதையும் கூடத்தான். முற்றிய காயைக் கொடியிலேயே விட்டு, விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைப்பது பாட்டியரின் வழக்கம். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்து விதைத்தாலோ, அடுத்த தலைமுறைச் செடிகள் ஒன்றுபோல் அமைவதில்லை. எனவே, ஆண்டுதோறும் புது விதைக்குக் கடையை நாட வேண்டியுள்ளது.

மாணவர்களே! உங்கள் ஊரில் ஒரு பழைய நாட்டுக் கத்தரியோ சுரையோ எஞ்சியிருக்கலாம். அதன் விதையைக் கேட்டு வாங்கி, ஒரு தொட்டியிலேனும் ஊன்றுங்கள். கடல் கடந்து வந்த விருந்தினரை ஏற்று வளர்த்த புழக்கடை, தன் வீட்டுப் பிள்ளையை இழக்கலாகாது.