குடும்ப நன்னாளுக்குக் குரோனோகிராஃப் கைக்கடிகாரம்: மனோர் பார்க், லண்டன்

நேரம் காட்டுவதோடு ஸ்டாப்வாட்ச் வேலையையும் செய்யும் கைக்கடிகாரமே குரோனோகிராஃப். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடத் தொடங்கும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும். டயலிலுள்ள சிறு வட்டங்கள் ஓடிய நிமிடங்களையும் மணிகளையும் கணக்கு வைக்கும். பெயர் ஒத்திருந்தாலும் குரோனோமீட்டர் என்பது வேறு. அது துல்லியத்துக்குச் சான்று பெற்ற கடிகாரம். சுவிட்சர்லாந்தின் சிஓஎஸ்சி என்ற சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற இயந்திரம் ஒரு நாளில் 4 விநாடிக்கு மேல் பின்தங்கவோ 6 விநாடிக்கு மேல் முந்தவோ கூடாது.

மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடும் சங்கிலியோடும் வாட்ச் போடுவது தமிழ்க் குடும்பங்களில் பழகிய வழக்கம். திருமணம், மணிவிழா, பிள்ளையின் பட்டமளிப்பு, மகளின் அரங்கேற்றம் போன்ற நாள்களுக்குப் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு உயர்தரக் குரோனோகிராஃப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அந்த வழக்கத்தின் விரிவு. தங்கத்தை எடை பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இயந்திரத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் குறைவு. அதனால்தான் இத்தேர்வில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

மனோர் பார்க்கும் ஹாட்டன் கார்டனும்

மனோர் பார்க் கிழக்கு லண்டனில் நியூஹாம் பெருநகர்ப் பகுதியைச் சேர்ந்தது; அஞ்சல் குறியீடு இ12. சர்ச் ரோட்டில் லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் உள்ளது. அடுத்துள்ள ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தமிழ்க் கடைகள் நிறைந்திருக்கின்றன. தாலிக்கொடிக்கும் வளையலுக்கும் அருகிலுள்ள கிரீன் ஸ்ட்ரீட் நகைக்கடைகள் போதும். குரோனோகிராஃபுக்கு நகரின் நடுப்பகுதியில் தேர்வு அதிகம். 2022 நவம்பர் முதல் எலிசபெத் லைன் ரயில்கள் மனோர் பார்க்கிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட், ஃபாரிங்டன், பாண்ட் ஸ்ட்ரீட் நிலையங்களுக்கு நேராகச் செல்கின்றன.

ஃபாரிங்டனில் இறங்கினால் சிறிது நடையில் ஹாட்டன் கார்டன். வைர வணிகத்துக்குப் பெயர்போன இத்தெருவுக்கு வாட்ச் வரலாற்றிலும் இடமுண்டு. ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், ஆல்ஃபிரட் டேவிஸ் என்ற இருவர் 1905இல் தொடங்கிய வில்ஸ்டார்ஃப் & டேவிஸ் நிறுவனம் 83ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. அந்நிறுவனம் 1908இல் பதிவு செய்த வணிகப் பெயர்தான் ரோலெக்ஸ். ஜெனீவாவுக்கு அது இடம்பெயர்ந்தது 1919இல். ரோலெக்ஸ் பிறந்த ஊர் லண்டன் என்பது அதைக் கையில் கட்டியிருப்போர் பலருக்குத் தெரியாது.

இயந்திரத்தின் வழி

1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் தன் கருவியால் குதிரைகளின் நேரத்தை அளந்தார். சுழலும் தட்டில் மைப்புள்ளி வைத்துக் குறித்த கருவி அது. அதற்கும் முன்பே, 1816இல், லூயி முவானே என்பவர் விநாடியின் அறுபதில் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் செய்திருந்தார் என்பது 2013இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஓடிய முள்ளை ஒரே அழுத்தில் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் இதய வடிவத் தகட்டுக்கு 1844இல் காப்புரிமை பெற்றவர் அடால்ஃப் நிக்கோல். சுவிஸ்காரரான அவர் லண்டனில் குடியேறித் தொழில் நடத்தினார். காப்புரிமையும் லண்டனில் பெற்றதே. அந்த ஏற்பாடு கொண்ட குரோனோகிராஃப் 1862 லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பேட்டரி இல்லாத இயந்திரக் குரோனோகிராஃபுகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தால் இன்றும் இதயத் தகடு உள்ளே இருக்கும்.

பூச்சியத்துக்குத் திருப்பத் தனிப் பொத்தான் வைத்து இன்றைய இரட்டைப் பொத்தான் அமைப்பை 1934இல் நிலைநிறுத்தியது பிரைட்லிங். கையசைவிலேயே சாவி ஏறும் தானியங்கிக் குரோனோகிராஃப் 1969இல் மூன்று முனைகளிலிருந்து வந்தது: ஜெனித்தின் எல் பிரிமேரோ, ஹோயர்-பிரைட்லிங் கூட்டணியின் காலிபர் 11, ஜப்பானின் செய்கோ 6139. அதே ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் நிலவுக்குப் போனது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலம் பழுதுபட்டபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி எரிக்க வேண்டியிருந்தது. வீரர்கள் அதை அளந்தது கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டரால்.

யாருக்கு, எந்த நாளுக்கு

பரிசு பெறுபவரின் அன்றாடத்திலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் எது மின்னுகிறது என்பது பிறகு.

பிள்ளை மருத்துவராவது லண்டன் தமிழ்க் குடும்பங்களின் பெரிய கொண்டாட்டங்களில் ஒன்று. மருத்துவருக்கென்றே குரோனோகிராஃபில் ஓர் அளவுகோல் உண்டு, பெயர் பல்சோமீட்டர். முள்ளை ஓடவிட்டு 30 நாடித்துடிப்பு எண்ணி நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று டயலின் ஓரமே சொல்லிவிடும். 30 துடிப்புக்கு 25 விநாடி ஆனால் முள் 72இல் நிற்கும். லாஞ்ஜீன்ஸ், மோன்ட்பிளாங்க் போன்றவை இந்த அளவுகோலோடு வாட்ச் செய்திருக்கின்றன. ஆனால் பரிசு தரும் பெற்றோர் ஒன்றை முன்கூட்டியே அறிய வேண்டும்: 2008 முதல் இங்கிலாந்தின் என்எச்எஸ் மருத்துவமனைகளில் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியாதிருக்கும் விதி நடைமுறையில் இருக்கிறது. கிருமித்தொற்றைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. கைக்கடிகாரமும் இதில் அடங்கும். ஆகவே வார்டில் அந்த அழகிய பல்சோமீட்டர் பையில்தான் கிடக்கும். வேலை முடிந்து அணியவும் வீட்டு விழாக்களில் கட்டவும் என்று தெரிந்தே வாங்கினால் ஏமாற்றமில்லை.

மணிவிழாக் காணும் அப்பாவுக்குத் தேவை வேறு. தினமும் சாவி கொடுக்கும் வாட்ச் அழகான பழக்கம்தான். ஆனால் விரல் மூட்டில் வலி உள்ளவருக்கு அந்தச் சிறு திருகு தொல்லை. அவருக்குத் தானியங்கி நல்லது. டயலும் முள்ளும் நிறத்தில் நன்கு வேறுபட வேண்டும். வெள்ளி டயலில் வெள்ளி முள் விளக்கொளியில் மறைந்துபோகும். ரோலெக்ஸ் டேடோனாவின் பொத்தான்களைத் திருகித் தளர்த்திய பிறகே அழுத்த முடியும். இதையும் வாங்கும் முன் அவர் விரலால் செய்து பார்க்கட்டும்.

மணமகனுக்கு வாங்கும்போது அகலத்தைவிடத் தடிமனைப் பாருங்கள். குரோனோகிராஃப் இயந்திரம் இயல்பாகவே தடித்தது. சட்டைக் கைக்குள் போகாத வாட்ச் கொஞ்ச நாளில் அலமாரிக்குப் போய்விடும். பெண்களுக்குக் குரோனோகிராஃப் பொருந்தாது என்ற நினைப்பை விட்டுவிடலாம். ஸ்பீட்மாஸ்டரே 38 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. அரங்கேற்றத்தில் பரதநாட்டிய மார்கம் முழுவதையும் ஆடி முடிக்கும் மகளுக்கு, ஒவ்வொரு உருப்படியின் நேரத்தையும் பயிற்சியில் அளக்க உதவும் கருவி இதைவிடப் பொருத்தமாக வேறென்ன!

பெரும்பாலான குரோனோகிராஃபுகளின் ஓரத்தில் இருப்பது டாக்கிமீட்டர். ஒரு மைலைக் கடக்க ஆகும் நேரத்தை அளந்தால் வேகம் தெரியும்: எம்11 நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போகும் காரில் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 51 விநாடி ஆகும், முள் 70ஐக் காட்டும். அளப்பவர் ஓட்டுநராக இருக்கக் கூடாது. 30 நிமிட வட்டம் உள்ள வாட்சில் நம் நாழிகையையும் அளக்கலாம். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம்.

வாங்கும் இடமும் முறையும்

எஃகு டேடோனாவைக் கடையில் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள். அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும். எப்போது வரும் என்ற உறுதி கிடைக்காது. வெளிச்சந்தையில் உடனே கிடைக்கும், பட்டியல் விலைக்கு மேல். முகூர்த்த நாள் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே குறித்த தேதிக்கு வேண்டிய பரிசாக டேடோனாவை நம்பியிருப்பது தவறு. ஒமேகா, ஜெனித், டாக் ஹோயர் ஆகியவற்றின் குரோனோகிராஃபுகளைக் கையில் கட்டிப் பார்த்து, கேட்டு, வாங்க முடியும். செலவைக் குறைக்க நினைப்போருக்கு டிசோ, ஹாமில்டன் நல்ல வழி. அவற்றின் தானியங்கிக் குரோனோகிராஃபுகள் பலவற்றில் இருப்பது 1970களில் வந்த வால்ஜூ 7750 வழி இயந்திரம். அதைச் சர்வீஸ் செய்யத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

பழைய வாட்ச் வாங்குவோர் பெட்டி, காரண்டி அட்டை, சர்வீஸ் ரசீது மூன்றையும் கேட்க வேண்டும். முள்ளை ஓடவிடும்போது அது துள்ளக் கூடாது; பூச்சியத்துக்குத் திருப்பினால் சரியாக 12க்கு நேரே நிற்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு நிமிட வட்டத்தைக் கவனியுங்கள். லண்டனில் இயங்கும் தி வாட்ச் ரெஜிஸ்டர் நிறுவனத்திடம் வரிசை எண்ணைக் கொடுத்தால், திருட்டுப் பொருளா என்று கட்டணத்துக்குச் சரிபார்ப்பார்கள். 2022 டிசம்பரில் ரோலெக்ஸ் தானே சான்றளித்த பழைய வாட்ச் விற்பனையைத் தொடங்கியது. அவற்றுக்கு 2 ஆண்டு காரண்டி உண்டு. புதிய ரோலெக்ஸுக்கும் ஒமேகாவுக்கும் 5 ஆண்டு.

கடையில் கிரெடிட் கார்டால் பணம் கட்டுவது நல்லது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளில் விற்பனையாளர் தவறினால் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும்.

பெயர் பொறித்தல்

பின்மூடியில் பெயரும் தேதியும் பொறிப்பதே வாட்சை அந்தக் குடும்பத்தின் உடைமையாக்குகிறது. கண்ணாடி மூடியுள்ள வாட்சில் அதற்கு விளிம்பு மட்டுமே மிஞ்சும். பொறிக்க நினைப்போர் உலோக மூடியுள்ள வகையைத் தேடலாம். ஹாட்டன் கார்டனில் கையாலும் லேசராலும் பொறித்துத் தருகிறார்கள். தமிழில் பொறிப்பதானால் எழுத்துரு வடிவைக் கோப்பாகக் கொடுத்து, மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தருவது அவசியம். புள்ளியும் கொம்பும் இடம்மாறினால் திருத்த வழியில்லை. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பும் உரிமை, நம் சொற்படி பெயர் பொறித்துத் தந்த பொருளுக்குக் கிடையாது.

பொறித்தால் மறுவிற்பனை விலை குறையும் என்று வணிகர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. இருந்தும், உலகம் அதிகம் பேசிய குரோனோகிராஃப் பொறிப்பு உள்ளதுதான். நடிகர் பால் நியூமன் கார்ப் பந்தயத்தில் இறங்கியபோது, மனைவி ஜோஆன் வுட்வர்ட் டேடோனா ஒன்றின் பின்புறத்தில் கவனமாக ஓட்டச் சொல்லிப் பொறித்துக் கொடுத்தார். நியூமன் அதைப் பின்னாளில் மகளின் நண்பருக்கு அளித்தார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது.

வரி, காப்பீடு, பராமரிப்பு

பிரிட்டனில் திருமணப் பரிசுக்கு மரபுரிமை வரியில் தனி விலக்கு உண்டு: பெற்றோர் ஒவ்வொருவரும் 5,000 பவுண்டு, தாத்தா பாட்டி ஒவ்வொருவரும் 2,500, மற்றவர்கள் 1,000. திருமணத்தன்றோ அதற்குச் சற்று முன்போ கொடுத்திருக்க வேண்டும். ஊரில் நடக்கும் திருமணத்துக்கு இங்கிருந்து கொண்டுபோவோர் சென்னையிலோ கொழும்பிலோ சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். பயணிகள் 20 விழுக்காடு வாட் வரியைத் திரும்பப் பெறும் ஏற்பாடு கிரேட் பிரிட்டனில் 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது.

லண்டன் தெருக்களில் விலையுயர்ந்த வாட்சைக் குறிவைத்துப் பறிப்பவர்கள் உண்டு. வீட்டுக் காப்பீட்டில் வாட்சைத் தனிப்பொருளாக, வெளியில் அணிவதற்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வரிசை எண்ணின் படம் தனியே இருக்கட்டும். ஒமேகா 5 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறையும் ரோலெக்ஸ் ஏறத்தாழ 10 ஆண்டுக்கு ஒருமுறையும் சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. குரோனோகிராஃபில் உதிரிகள் அதிகம் என்பதால் செலவும் சாதாரண வாட்சைவிட அதிகம். அந்தத் தொகையையும் வாங்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது.

மனோர் பார்க்கிலிருந்து புறப்படும் குடும்பத்துக்கு முதலில் பார்க்கச் சொல்லத்தக்கது ஸ்பீட்மாஸ்டர் புரொஃபெஷனல். தினமும் சாவி கொடுக்க மனமுள்ளவருக்கு, விலைக்கும் வரலாற்றுக்கும் சர்வீஸ் வசதிக்கும் அதை மிஞ்ச வேறொன்றில்லை. சாவி கொடுக்க இயலாதவருக்கு எல் பிரிமேரோ இயந்திரம் கொண்ட ஜெனித். விழாவுக்கு மூன்று மாதம் முன்பே கடைக்குப் போங்கள். வாட்சைக் கையில் கட்டப்போகிறவரையும் கூட்டிப் போங்கள்.