பணியிடக் குறைகேள் அலுவலகம்: வரலாறும் வரம்பும்

மேலாளரின் நடத்தையால் துன்பப்படும் ஓர் ஊழியருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே தெரிகின்றன. ஒன்று, பொறுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது. மற்றொன்று, எழுத்தில் புகார் கொடுத்து, விசாரணை, சாட்சியம், பகை என அதன் பின்விளைவுகளை எல்லாம் ஏற்பது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியாகத் தோன்றியதே பணியிடக் குறைகேள் அலுவலகம் ஆகும்.

இதன் அலுவலரை ஆம்புட்ஸ்மேன் என்பர். இந்தியாவில் இச்சொல்லைப் பரவலாக்கியது, 1995ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம். ஆனால் அவர் வாடிக்கையாளர்களுக்கானவர். பணியிடக் குறைகேள் அலுவலர் நிறுவனத்துக்குள்ளேயே இருந்து ஊழியர்களின் குறைகளைக் கேட்பவர். அவர் தீர்ப்பு வழங்குவதில்லை. யாரையும் தண்டிப்பதும் இல்லை. அதிகாரம் இல்லாத ஒருவரிடம் ஊழியர்கள் ஏன் செல்கிறார்கள் என்பதை இப்பதவியின் வரலாறு விளக்குகிறது.

சுவீடனில் தோற்றம்

ஆம்புட்ஸ்மேன் என்பது சுவீடிய மொழிச் சொல். பிறர் சார்பில் செயல்படுபவர், பிரதிநிதி என்பது இதன் பொருள். 1709இல் பொல்டாவா போரில் தோற்ற சுவீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸ் ஒட்டோமான் பேரரசில் தங்கியிருந்தார். தாம் நாட்டில் இல்லாதபோது அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிக்க, 1713இல் உயர் ஆம்புட்ஸ்மேன் பதவியை ஏற்படுத்தினார். இவர் அரசரின் ஆள்.

1809இல் அரசர் நான்காம் குஸ்டாவ் அடால்ஃப் பதவியிறக்கப்பட்டபின் எழுதப்பட்ட அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தின் சார்பில் ஓர் ஆம்புட்ஸ்மேனை உருவாக்கியது. 1810இல் லார்ஸ் ஆகஸ்டின் மன்னர்ஹைம் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தவறு செய்த அதிகாரிகள்மீது வழக்குத் தொடரும் உரிமை அவருக்கு இருந்தது. ஆகவே தொடக்கத்தில் இது அதிகாரம் மிகுந்த பதவியே ஆகும்.

1915இல் சுவீடன் படைத்துறைக்கெனத் தனி ஆம்புட்ஸ்மேனை ஏற்படுத்தியது. 1968 வரை அப்பதவி தனியே இயங்கியது. மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே ஆகவேண்டிய படைவீரரும் தம் குறையை வெளியே சொல்ல ஒரு வாயில் வேண்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. பிற்காலப் பணியிட அலுவலகங்களுக்கும் இதுவே அடிப்படைச் சிக்கல்.

பல்கலைக்கழகங்களில் மாற்றம்

டென்மார்க் 1955இலும் நியூசிலாந்து 1962இலும் ஆம்புட்ஸ்மேனை நியமித்தபின் இக்கருத்து ஆங்கிலம் பேசும் நாடுகளில் பரவியது. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் போராட்டங்கள் வலுத்த காலம் அது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் 1965இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1967இலும் குறைகேள் பதவியை ஏற்படுத்தின.

பணியிடக் குறைகேள் முறைக்கு இன்றைய வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் பொருளியல் அறிஞர் மேரி ரோ. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1973இல் அவரைத் தலைவரின் சிறப்பு உதவியாளராக அமர்த்தியது. பெண்களின் பணிநிலையைக் கவனிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பின்னர் அவர் அங்கே குறைகேள் அலுவலராகி, பல்லாண்டுகள் பணியாற்றினார்.

பெயர் விடுபடுதல், கூட்டத்தில் பேச்சு கவனிக்கப்படாமை போன்ற சிறு புறக்கணிப்புகள் சேர்ந்து ஒருவரின் பணிவாழ்வைச் சிதைப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இவற்றை நுண் சமமின்மைகள் என அழைத்தார். இத்தகைய குறைகளில் சட்டமீறல் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. எனவே விசாரணைக் குழுவால் பயனில்லை. குறை சொல்ல வருவோர் பலர் எதிரியைத் தண்டிக்க விரும்புவதும் இல்லை. தொல்லை நிற்கவேண்டும், வேலையும் நல்லுறவும் கெடக்கூடாது என்பதே அவர்கள் வேண்டுவது.

இதற்கு ரோ பரிந்துரைத்த வழிகளுள் ஒன்று கடிதம். பாதிக்கப்பட்டவர், தொல்லை தந்தவருக்கே நேரடியாக எழுதுவது. நடந்தது என்ன, அதனால் தாம் அடைந்த உணர்வு என்ன, இனி என்ன நடக்கவேண்டும் என மூன்று பகுதிகளாக அது அமையும். பாலியல் தொல்லை குறித்து 1981இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரையில் இம்முறையை அவர் விளக்கினார். கடிதத்தை அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு ஊழியரின் கையிலேயே இருந்தது.

நான்கு நெறிகள்

இத்தகைய அனுபவங்களிலிருந்து நான்கு நெறிகள் உருவாயின. அலுவலர் நிர்வாகப் படிநிலைக்கு வெளியே நிற்பது தற்சார்பு. ஊழியர், நிர்வாகம் ஆகிய இரு தரப்பிலும் சேராதிருப்பது நடுநிலை. வந்தவர் யார் என்பதைக்கூட அவர் இசைவின்றி வெளியிடாதிருப்பது இரகசியம் காத்தல். விசாரணையிலும் தண்டனை முடிவிலும் பங்கேற்காதிருப்பது முறைசாராமை. உடனடியான பெரும் தீங்கு நேரும் என்ற நிலையில் மட்டும் இரகசியத்துக்கு விலக்கு உண்டு. வெவ்வேறு சங்கங்களாக இருந்த அலுவலர்கள் 2005இல் பன்னாட்டு ஆம்புட்ஸ்மேன் சங்கமாக இணைந்தபோது இந்நெறிகளே அதன் அடித்தளமாயின.

வழக்குத் தொடரும் அதிகாரத்தோடு பிறந்த பதவி, பணியிடத்துக்கு வந்தபோது அதிகாரத்தைக் கைவிட்டது. ஊழியரின் அச்சமே இதற்குக் காரணம். சொன்னது கோப்பில் ஏறும், நடவடிக்கை தானாகத் தொடங்கிவிடும் என்று தெரிந்தால் பலர் வாயைத் திறக்கமாட்டார்கள்.

நீதிமன்றத்தில் இரகசியம்

இந்த இரகசியத்தைச் சட்டம் காக்குமா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. மெக்டொனல் டக்ளஸ் என்ற விமான நிறுவனத்தில் பணிநீக்கப்பட்ட ஒரு பெண் ஊழியர், வழக்கில் குறைகேள் அலுவலரைச் சாட்சியம் சொல்லவைக்க முயன்றார். 1991இல் மிசௌரியின் கூட்டாட்சி நீதிமன்றம் அலுவலருக்குப் பாதுகாப்பு அளித்தது.

அதே நிறுவனத்தின் மற்றோர் ஊழியர் தொடுத்த வழக்கில் 1997இல் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மாறான முடிவுக்கு வந்தது. மற்றச் சமரச முறைகளைவிட இம்முறை சிறந்தது என்பதற்கு நிறுவனம் சான்று தரவில்லை. எனவே தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. இரு வழக்குகளிலும் அலுவலரிடம் இருந்த தகவலைக் கேட்டவர் ஊழியரே என்பது கவனிக்கத்தக்கது. முதல் நாளில் ஊழியரைக் காக்கும் அதே இரகசியம், வழக்கு என்று வந்துவிட்டால் அவருக்கே தடையாகக்கூடும்.

ஐக்கிய நாடுகள் அவை

1946ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஐ.நா.வுக்குச் சட்டவிலக்கு உண்டு. அதன் ஊழியர் தம் பணிக்குறைக்காக ஐ.நா.மீது எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர இயலாது. எனவே 1949இல் உள் தீர்ப்பாயம் ஒன்று அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் பொதுவுடைமை எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது ஐ.நா.வின் அமெரிக்க ஊழியர் பலர் வேலை இழந்தனர். 1953இல் தீர்ப்பாயம் அவர்களில் பதினொருவருக்கு இழப்பீடு வழங்கியது. அதைத் தர மறுக்கும் உரிமை பொது அவைக்கு இல்லை என்று 1954இல் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த முறை தாமதத்தில் சிக்கியது. 2002இல் ஐ.நா. தன் ஊழியருக்கான ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தை ஏற்படுத்தி, ஜமைக்காவைச் சேர்ந்த பட்ரீசியா டுராண்டை முதல் அலுவலராக்கியது. 2006இல் வல்லுநர் குழு ஒன்று உள் நீதிமுறை முழுவதையும் மாற்றப் பரிந்துரைத்தது. அதன்படி குறைகேள் அலுவலகத்துடன் சமரசப் பிரிவு சேர்க்கப்பட்டது. 2009 சூலை 1 முதல் புதிய தகராறு தீர்ப்பாயமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இயங்கத் தொடங்கின.

வரம்பு

ஐ.நா. செய்த இந்த மாற்றத்தின் பாடம் அதன் அமைப்பிலேயே உள்ளது. முறைசாராத வழியை வலுப்படுத்தியபோதே முறையான தீர்ப்பாயத்தையும் அது வலுப்படுத்தியது. குறைகேள் அலுவலகம் தீர்ப்பாயத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் மாற்று அன்று.

குறைகேள் அலுவலரிடம் சொல்வது நிறுவனத்துக்குப் புகார் கொடுத்ததாக ஆகாது. ஐ.நா.வில் ஒரு நிர்வாக முடிவை எதிர்க்கும் ஊழியர், அதை மறு ஆய்வு செய்யக் கோர 60 நாள்களே உண்டு. சமரச முயற்சி நடக்கும்போது அக்கெடுவை நீட்டிக்க விதி இடமளிக்கிறது. ஆனால் அது தானாக நீள்வதில்லை. ஆகவே கெடு முடியும் நாள் எது என்பதை முதல் சந்திப்பிலேயே ஊழியர் அறிந்துகொள்ள வேண்டும்.