கந்தோர்க் கதிரையும் மாத்தளைக் காடும்

கதிரை, மேசை, அலுமாரி ஆகிய சொற்கள் போர்த்துக்கேயரோடு இலங்கைத் தமிழில் வந்து சேர்ந்தவை. கந்தோர், லாச்சி என்பன ஒல்லாந்தரிடமிருந்து நாம் பெற்றவை. பெயர்கள் கடல்கடந்து வந்தன. அப்பொருள்களுக்கு வேண்டிய மரமோ நம் காடுகளிலே வெட்டப்பட்டது. சுற்றாடலுக்குக் கேடு செய்யாத தளபாடமே கந்தோருக்கு வேண்டும் என்னும் எண்ணம் இக்காலத்தது. ஆயினும், எந்த மரம், எங்கே நின்ற மரம் என்னும் கேள்வி மாத்தளை மாவட்டத்திற்குப் புதியதன்று.

1833இல் பேராதனையிலே மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலமொன்றை ஆங்கிலேயர் முதிரை மரத்தால் அமைத்தனர். 1905 வரை அப்பாலம் நிலைத்திருந்தது. முதிரையும் கருங்காலியும் மாத்தளைக்கு வடக்கே, தம்புள்ளைப் பக்கத்து உலர்காடுகளில் தாமாக வளர்வன. உறுதியும் அழகுமே இம்மரங்களுக்குப் பகையாயின. இவற்றின் வளர்ச்சியோ மிக மெதுவானது. கருங்காலி இனத்தைச் சேர்ந்த, சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் வரிமரம் தளபாடத்துக்காகவே வெட்டப்பட்டு அருகிப்போனதை, 1859இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட் அப்போதே குறித்திருக்கிறார்.

மலைப்பக்கத்துக் காடுகளின் கதை வேறு. அவற்றிற் பெரும்பகுதி தச்சனிடம் போய்ச் சேரவுமில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைக்குச் சான்றில்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போயின. தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய் ஏறிவந்த நம் மக்களே கோடரி பிடித்தனர். வழியில் மாண்டோர் பலர். விழுந்த மரங்கள் கிடந்த இடத்திலேயே தீயிடப்பட்டன. 1848 யூலையில், புதிய வரிகளை எதிர்த்துத் தம்புள்ளையில் எழுந்த மக்கள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி, வரிப் பத்திரங்களை அழித்தனர். பறிபோன நிலத்தின் மனக்குறையும் அக்கிளர்ச்சியில் கலந்திருந்தது என்றே கருதுகிறேன். 1869இல் கோப்பியிலே இலைநோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போயிற்று, காடு திரும்பவில்லை.

பின்னர் 1887இல் காட்டுத் திணைக்களம் வந்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000இல் பாதுகாப்புக் காடாக்கப்பட்டது. அப்படியாயின், நேயர்களே, இன்று மாத்தளையில் ஒரு கந்தோருக்கு மேசை எந்த மரத்தில் செய்வது?

வீட்டுத் தோட்டமே முதல் விடை. மாத்தளையின் தோட்டங்களில் பலா நிற்கும். அதன் அடியைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். அருகே கமுகும் கராம்பும் இருக்கும். பலாவின் வைரம் முதலில் மஞ்சளாயிருந்து, ஆண்டு செல்லச் செம்பழுப்பாய் முதிரும். கறையான் அதை எளிதில் அணுகாது. ஆனால் பலா ஒரு குடும்பத்தின் உணவுமாகும். அதனாலேதான் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்றது. விலையை மட்டும் கேட்டுப் பலாமேசை வாங்கும் அதிகாரி, அந்த அனுமதிப் பத்திரத்தையும் கேட்பாராக. காய்த்து ஓய்ந்த மரத்தை வெட்டி, அவ்விடத்தில் ஒரு கன்றும் நட்டார்களாயின் மேசையிலே குற்றமில்லை.

மற்றொன்று இறப்பர். ஏறத்தாழ முப்பது ஆண்டு பால் தந்தபின், மறுநடுகைக்காக எப்படியும் விழவேண்டிய மரம் அது. முன்னாளில் விறகாய் எரிந்தது. வெட்டிய சில நாட்களுக்குள் போரன் உப்பேற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் அதைக் கெடுத்துவிடும். முறையாகப் பதனிட்டால் வெளிறிய நல்ல பலகையாகும். மழை படும் விறாந்தைக்கு அது ஆகாது; உள்ளறைக்குப் போதும்.

முதிரையைப் புதிதாய்த் தேடுவானேன்? பழைய கந்தோர்களின் பின்கூடங்களில் கால் ஆடும் முதிரை மேசைகளும் பிரம்பு அறுந்த கதிரைகளும் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். கழித்த பொருளென்று அவற்றை ஏலத்தில் விட்டுவிட்டு, மரத்தூளைப் பசையால் ஒட்டிய பலகையில் புதிய மேசை வாங்குகிறோம். அப்பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். அந்த முதிரை மேசைக்கோ ஒரு தச்சனின் இரண்டு நாள் வேலை போதும்.