மார்பக இம்பிளாண்ட்: அடையாள அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்

மார்பகப் புற்றுநோயால் மார்பை இழந்த பெண்களுக்கு அதன் வடிவத்தை மீண்டும் அமைக்கவும், அழகுக்காக மார்பைப் பெரிதாக்கவும் இம்பிளாண்ட் பொருத்தப்படுகிறது. சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் ஜெல் அல்லது உப்பு நீர் நிரப்பிய பை இது.

ஒருமுறை பொருத்தினால் ஆயுளுக்கும் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. ஆண்டுகள் கூடக் கூடச் சிக்கல் வரும் வாய்ப்பும் கூடும். இம்பிளாண்டை எடுக்கவோ மாற்றவோ மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

வரக்கூடிய சிக்கல்கள்

முதல் சில வாரங்களில் இரத்தக் கசிவு, கிருமித்தொற்று, காயம் ஆறாமை ஆகியவை ஏற்படலாம். புகைப்பிடிப்பவர்களுக்கும் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். காய்ச்சல், சிவந்த வீக்கம், சீழ் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இம்பிளாண்டைச் சுற்றி உடல் ஒரு தழும்புத் திசுவை உருவாக்கும். இது இயல்பானது. ஆனால், அத்திசு இறுகினால் மார்பு கல்லைப் போல் கெட்டியாகி வலிக்கும், வடிவமும் கோணலாகும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது.

உப்பு நீர்ப் பை கிழிந்தால் மார்பு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். சிலிக்கோன் பை கிழிந்தால் எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். எனவே, சிலிக்கோன் வகை பொருத்தியவர்கள் வலி இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனையும், அதன்பின் 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனையும் செய்துகொள்ளுமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

உலகம் கற்ற பாடம்

பிரான்ஸ் நாட்டின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தர சிலிக்கோனுக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-இல் அம்பலமானது. அதன் உரிமையாளர் ஷான் குளோட் மாஸுக்கு 2013-இல் 4 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதன்பின் 2019 ஜூலையில், அலர்கான் நிறுவனம் தனது சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பயோசெல் வகை இம்பிளாண்டுகளை உலகெங்கும் மீட்டுக்கொண்டது. அவற்றைப் பொருத்தியவர்களில் சிலருக்கு, அரிதாக, நிணநீர் மண்டலப் புற்றுநோய் ஏற்பட்டதே காரணம். இது மார்பகப் புற்றுநோய் அன்று. பொருத்திப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்க மார்பு திடீரென வீங்குவது இதன் முக்கிய அறிகுறியாகும். தொடக்கத்திலேயே கண்டறிந்து, இம்பிளாண்டையும் சுற்றியுள்ள திசுவையும் அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அறிகுறி இல்லாதவர்கள் அவசரப்பட்டு அகற்றத் தேவையில்லை என்றும் அப்போது அறிவுறுத்தப்பட்டது.

இத்தகைய அறிவிப்பு வரும்போது, தன் உடலில் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த வகை என்று தெரியாத பெண் என்ன செய்வார்? நிறுவனத்தின் பெயர், வகை, வரிசை எண் ஆகியவை அடங்கிய அட்டையை அறுவை சிகிச்சைக்குப் பின் கேட்டு வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் போல் அதைப் பத்திரப்படுத்துவதுடன், குடும்பத்தில் ஒருவரிடமாவது சொல்லி வைப்பது நல்லது.

மலேசியாவில் கவனிக்க வேண்டியவை

மருத்துவச் சாதனங்கள் 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவர் தேசிய நிபுணர் பதிவேட்டில் உள்ளாரா என்பதையும் பார்க்கலாம். அழகு நிலையங்களிலும் ஹோட்டல் அறைகளிலும் மலிவு விலையில் செய்யப்படும் சிகிச்சையை நம்ப வேண்டாம். அனுமதியின்றி தனியார் மருத்துவ மையம் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் உண்டு.

இம்பிளாண்ட் இருப்பதால் மேமோகிராம் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. படம் எடுக்கும் முன் அதைப் பற்றிப் பணியாளரிடம் சொன்னால், கூடுதல் கோணங்களில் எடுப்பார்கள். கூச்சத்தால் மறைப்பது நோயைக் கண்டறியத் தடையாகிவிடும்.